சின்ன அம்பிளிபயருக்கு எந்த ஸ்பீக்கர் சோடி பொருந்தும்?

ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் 100 வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அது பெட்டி தாங்கும் அளவு. அது தரும் சத்தத்தை அந்த எண் சொல்லாது.

முதலில் உங்கள் அம்பிளிபயர் உண்மையில் என்ன தரும் என்று கணக்குப் பாருங்கள். பலரும் பாவிக்கும் டிபிஏ3116 சிப் போட்ட சின்னப் பெட்டிக்கு 50 வாட்ஸ் என்று விளம்பரம் இருக்கும். அது 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் பூட்டினால் வரும் கணக்கு. ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. அது குறையக் குறைய அம்பிளிபயருக்குப் பாரம் கூடும். 8 ஓமுக்கு, அடப்டரின் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 16 ஆல் பிரியுங்கள். 12 வோல்ட் அடப்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 9 வாட்ஸ்தான். வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லப்டொப் சார்ஜரைப் போட்டால் 22 வாட்ஸ் அளவு கிடைக்கும். ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. 24 வோல்ட் கொடுப்பதென்றால் போர்டில் இருக்கும் பெரிய கப்பாசிற்றர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 25 வோல்ட் என்றிருந்தால் 19 உடன் நில்லுங்கள்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கருக்கு, அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். 25 வாட்ஸ் அம்பிளிபயரில் 87 டெசிபல் சோடியைப் பூட்டி 3 மீற்றர் தள்ளிக் கதிரையில் இருந்தால், உச்சத்தில் 94 டெசிபல் வரை கேட்கும். ஒரு வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். 84 டெசிபல் சோடிக்கு அதே இடத்தில் 50 வாட்ஸ் தேவைப்படும். ஆகவே 87க்குக் கீழே போகாமல் இருப்பதே நல்லது. 4 ஓம் ஸ்பீக்கரில் "2.83 வோல்ட்டுக்கு 88" என்று போட்டிருந்தால் 3ஐக் கழித்துப் படியுங்கள், 2.83 வோல்ட் என்பது 4 ஓமுக்கு இரண்டு வாட்ஸ்.

ஓம் கணக்கும் ஏமாற்றும். கேஈஎஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் 8 ஓம் என்று வரும். ஆனால் சில சுரங்களில் 3.5 ஓமுக்கு இறங்கும், சென்சிட்டிவிட்டியும் 85தான். அருமையான ஸ்பீக்கர், ஆனால் சின்ன அம்பிளிபயருக்கு அது பாரம். விபரத்தாளில் மிகக் குறைந்த ஓம் எவ்வளவு என்று தேடுங்கள். 4க்குக் கீழே என்றால் விடுங்கள்.

ட்வீட்டர் (பெட்டியில் உயர் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிவது பெரும்பாலும் சின்ன அம்பிளிபயரை முறுக்குவதால்தான். சக்தி போதாமல் அலையின் தலை வெட்டுப்படும்போது உயர் சுரங்கள் பெருகி நேரே ட்வீட்டருக்குள் போகும். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் குறையுங்கள்.

எங்கள் வீடுகளில் ரைல்ஸ் நிலம், வெறும் சீமெந்துச் சுவர், திரைச்சீலை இல்லாத யன்னல். கையைத் தட்டிப் பாருங்கள். "டிங்" என்று திரும்பி வந்தால் கூர்மையான ட்வீட்டர் கொண்ட சோடி அங்கே காதைக் குத்தும். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் ஒரு பாயோ கம்பளமோ விரித்தால் நிறைய அடங்கும். பின்பக்கம் துளை உள்ள பெட்டியைச் சுவரிலிருந்து 25 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள். அலுமாரித் தட்டுக்குள் வைப்பதென்றால் முன்துளை உள்ளதை எடுங்கள். கடையில் கேட்டுப் பார்க்க அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரப் பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது பல் கூசினால் அந்தச் சோடி வேண்டாம். தவிலின் தொப்பிப் பக்கம் வெறும் "டப்" என்று கேட்டால் வூபர் (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) சிறிது. 4 அங்குலத்துக்குப் பதில் ஐந்தேகால் அங்குலம் கேளுங்கள்.

பாவித்த சாமானா? வூபரைச் சுற்றியுள்ள வளையம் பஞ்சாக இருந்தால் விரலால் மெல்ல அழுத்துங்கள். இந்தப் புழுக்கத்தில் பழைய பஞ்சு மாவாக உதிரும். ரப்பர் வளையம்தான் நின்று பிடிக்கும். பெருவிரல்கள் இரண்டாலும் கூம்பைச் சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசினால் உள்ளே கொயில் (கம்பிச் சுருள்) கோணியிருக்கிறது. மல்ரிமீற்றரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டினால் சரி. துளைக்குள் ரோர்ச் அடித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

வயர் 5 மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு போதும். வாங்கும்போது ஒரு இழையை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடற்கரைப் பக்க வீடுகளில் வெறும் செம்பு நுனி பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்ரிமீற்றர் வெட்டிப் புதிதாக முறுக்கிப் பூட்டுங்கள். பூட்டியபின் பாட்டில் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்காமல் கலைந்து, தாழ்ந்த சுரங்களும் காணாமல் போனால், ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிப் பூட்டுங்கள்.