தாளத்தை எண்ணிக்கொண்டே ஜிம்மி ரஷிங்கைக் கேட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வீட்டில் அப்பா விட்டுப்போன ரெக்கார்ட் பிளேயரில்தான் ஜிம்மி ரஷிங்கைக் கேட்கிறேன். 1935 முதல் 1948 வரை பியானோ கலைஞர் கவுண்ட் பேசியின் (Count Basie) ஜாஸ் குழுவில் பாடிய அமெரிக்க ப்ளூஸ் பாடகர்.

முதலில் ஊசியில் ஒட்டிய தூசியை மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் நீவி எடுங்கள். சரி, இனி 1938-இல் பதிவான ‘சென்ட் ஃபார் யூ யெஸ்டர்டே’ பாட்டைப் போடுங்கள். அவர் குரல் வரும்வரை தொடையில் தட்டித் தாளத்தைப் பிடியுங்கள். நான்கு தட்டு ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அதற்குள் பாட்டில் மூன்று அடி, அதாவது மூன்று வரி, அடிக்கு நான்கு பார். முதலடியையே மறுபடி பாடுவார், மூன்றாவது அதற்குப் பதில்.

இரண்டாம் முறை பாடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சொல் அதேதான், கீழே பியானோவின் சுரக்கட்டு (கார்ட், சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறியிருக்கும். அதனாலேயே அதே வரி இன்னும் கனமாக விழும். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் நெஞ்சு அடைக்கும்.

ஒவ்வோர் அடியையும் பாதியிலேயே முடித்துவிடுவார். மிச்சத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பேசும். நம் டர்பன் கோயில் கூத்தில் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவாரே, அந்த மாதிரி. அந்த இடைவெளியில் நீங்கள் பேசாதீர்கள்.

எண்ணிக்கை தவறுகிறதா? 1941-இல் பதிவான ‘கோயிங் டு சிகாகோ’வைப் போடுங்கள். நிதானமான நடை, விரல் தானாகப் பழகிவிடும்.