கடற்போர் ஓவியத்தை நகலெடுக்கும்போது முதலில் தொலைவது காற்று

பழைய கடற்போர் ஓவியத்தின் கையால் வரைந்த நகல் ஒன்று கண்ணில் பட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். மோசமான நகலில் பாய்கள் ஒரு பக்கம் புடைத்திருக்கும், கொடி எதிர்ப்பக்கம் பறக்கும், பீரங்கிப் புகை தன் இஷ்டத்துக்கு மேலே போகும். மூலத்தை வரைந்தவருக்குக் காற்று எங்கே என்று தெரியும். நகலெடுப்பவர் பாயையும் கொடியையும் தனித்தனி வடிவங்களாகப் பார்த்து வரைந்துவிடுகிறார்.

கொடியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஓடும் வண்டியில் கட்டிய கொடி பின்னால் பறப்பதைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. பாய்மரக் கப்பலுக்குப் பின்னாலிருந்து காற்று வீசினால் கொடி முன்பக்கமாகத்தான் பறக்கும், ஏனென்றால் காற்று கப்பலை முந்திக்கொண்டு போகிறது. மூலத்தில் அப்படிச் சரியாக இருப்பதைத் தவறு என்று நினைத்துத் திருப்பி வரைபவர்களும் உண்டு! பாய்களுக்கும் இதே கதி. போர் நடக்கும்போது கீழே இருக்கும் பெரிய பாய்களைப் பெரும்பாலும் மேலே இழுத்துச் சுருக்கிவிடுவார்கள். இல்லையென்றால் பார்வையை மறைக்கும், தீயும் பிடிக்கலாம். அழகாக இருக்கட்டும் என்று எல்லாப் பாயையும் விரித்து வரைந்தால் அது உல்லாசப் பயணம் போகும் கப்பல் ஆகிவிடும்.

அடுத்தது கயிறு. பாய்மரத்தை நிலையாகப் பிடித்து நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள், அதனால் அவை கறுப்பு. பாய்களை ஏற்றி இறக்க ஓடும் கயிறுகள் வெளிர் பழுப்பு. இரண்டையும் ஒரே கறுப்பில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் வரைந்தால் கப்பல் சிலந்தி வலையில் சிக்கியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு கயிறும் ஏதோ ஓர் இடத்தில் கட்டப்பட்டு இன்னோர் இடத்தில் முடிய வேண்டும். நகல் சிறியது என்றால் பாதிக் கயிறுகளை விட்டுவிடுவது மேல். பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற டிரஃபால்கர் போரை ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்தார். அந்த ஓவியம் கிட்டத்தட்ட 3.7 மீட்டர் அகலம். அதை 60 சென்டிமீட்டருக்குச் சுருக்கிவிட்டு எல்லாக் கயிறும் வேண்டும் என்று அடம்பிடித்தால், முடியைவிட மெல்லிய கோடுகளைத் தேடிப் போக வேண்டியதுதான்.

அந்த டர்னர் ஓவியம் இன்னொரு வகையிலும் ஆளைக் குழப்பும். போர் நடந்தது 1805 அக்டோபர் 21. நண்பகலுக்குச் சற்று முன் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் ஏற்றிய சைகைக் கொடிகள், மதியம் ஒரு மணிவாக்கில் விழுந்த அவர் கப்பலின் பாய்மரம், மாலையில் எரிந்த அஷீல் என்ற பிரெஞ்சுக் கப்பல், மறுநாள் மூழ்கிய ரெடூடாபிள் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் எல்லாம் ஒரே படத்தில் இருக்கின்றன. அப்போதே கடற்படைக்காரர்கள் குறை சொன்னார்கள். அதற்காக நகலெடுப்பவர் உட்கார்ந்து 'திருத்த' ஆரம்பித்தால் அது டர்னரும் இல்லை, டிரஃபால்கரும் இல்லை. நகலெடுப்பது ஓவியத்தைத்தான், போரை அல்ல. மூல ஓவியர் தெரிந்தே செய்ததை அப்படியே விடுங்கள், நாம் தெரியாமல் செய்வதை மட்டும் தவிர்த்தால் போதும்.

மூலம் மங்கலாக இருக்கும் இடத்தை நிரப்பும்போதுதான் நம் அறியாமை உள்ளே நுழைகிறது. பிரிட்டிஷ் யூனியன் கொடியில் அயர்லாந்தைக் குறிக்கும் சிவப்புக் குறுக்குப் பட்டைகள் 1801-இல்தான் சேர்ந்தன. 1798-இல் நடந்த நைல் போர்ப் படத்தில் இன்றைய கொடியைப் பார்த்து வரைந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பாய்களும் சுத்த வெள்ளை கிடையாது. பழுப்பு கலந்த வெளிர் நிறம். ஓவியர்கள் டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்தத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதை அப்படியே டியூபிலிருந்து அள்ளிப் பூசினால் பழைய ஈய வெள்ளையின் இதம் வராது, படம் நீலம் பாய்ந்து வெளிறிப்போகும். கடலின் நிறத்துக்கு இணையத்தில் முதலில் கிடைத்த படத்தை நம்பாதீர்கள். ஒரே ஓவியம் ஒரு தளத்தில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருக்கும். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தப் பதிவைத் தேடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன்னிடமுள்ள, வான் டி வெல்டே என்ற டச்சு ஓவியக் குடும்பத்தின் கடற்போர் ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே தருகிறது.

சுவருக்கு ஏற்ற அளவில் வெட்டுவது வாங்குபவர்கள் செய்யும் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மோதிய கியர்சார்ஜ், அலபாமா என்ற கப்பல்களின் சண்டையைப் பிரெஞ்சு ஓவியர் மானே 1864-இல் வரைந்தது ஏறக்குறைய சதுரமான படம். கப்பல்கள் மேலே ஒதுங்கியிருக்க, மீதி முழுக்கக் கடல். சோபாவுக்கு மேலே நீளமாக வேண்டும் என்று அந்தக் கடலை வெட்டினால், அவர் எதற்காக வரைந்தாரோ அதுவே போய்விடும்.

அப்புறம், 'கையால் வரைந்தது' என்று விற்கும் சில படங்கள் கேன்வாஸில் அச்சடித்து, மேலே நிறமில்லாத ஜெல்லைப் பிரஷால் இழுத்தவை. பூதக்கண்ணாடி வைத்தால் அச்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும். பக்கவாட்டில் விளக்கு அடித்தும் பார்க்கலாம்: ஜெல் மேட்டின் தடம் ஒரு பக்கமும் கீழே உள்ள நிறத்தின் எல்லை வேறு பக்கமும் போனால் அது பிரிண்ட்தான்.

உண்மையான ஆயில் பெயின்ட் என்றால் அவசரம் ஆகாது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாளோ சில வாரமோ போதும், ஆனால் கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுப்பது வழக்கம். சுருட்டி அனுப்பினால் வரைந்த பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கும், விரிக்கும்போது வெடிக்கும்; புகைக்காகத் தடிமனாகப் பூசிய இடம்தான் முதலில் போகும்.

மூல ஓவியரின் கையெழுத்தை மட்டும் நகலில் போடாதீர்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நகலெடுப்பவர்களுக்கே அதற்கு அனுமதி இல்லை, நகலின் அளவும் மூலத்திலிருந்து மாறியிருக்க வேண்டும். உங்கள் பெயரையும் வருடத்தையும் கேன்வாஸின் பின்புறம் எழுதி வையுங்கள்.