ஊர் வரலாறு எழுதும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் ஊரின் பாரம்பரியத்தைப் பற்றி எழுதி வா" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண், கிருஷ்ணாபுரம் சிற்பம், அல்வா என்று செல்போனில் கிடைப்பதை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் நம் பெருமைதான். ஆனால் களக்காட்டுப் பிள்ளையின் நோட்டில் களக்காடு எங்கே? பெரிய பெயர்களைத் தேடிப் போய்ச் சொந்தத் தெருவை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. சுமைதாங்கிக் கல், பழைய மடை, தெருமுனைப் பீடம் எல்லாம் பாரம்பரியம்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உங்கள் வயல் இருந்தால், கடைமடைக்குத் தண்ணீர் எந்த முறையில் வந்தது என்று விசாரித்தாலே ஒரு நோட்டு நிறையும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு ஆச்சி?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுய்யா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையால் தொடக்கூடிய ஒரு பொருளை வைத்துக் கேளுங்கள். பத்தமடைக்குப் போனால், பாய் உலகப் புகழ் பெற்றது என்று எழுதுவதற்கா போகிறோம்? அது எல்லோருக்கும் தெரியும். கோரையை எங்கே அறுக்கிறார்கள், எத்தனை நாள் ஊறப்போடுகிறார்கள், பட்டுப்போல மடியும் மெல்லிய பாய்க்கு எப்படிக் கீறுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நெய்கிற பெண்களின் விரல் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். பாடப்புத்தகச் சொல்லாக மாற்ற வேண்டாம்.

வருஷம் எது என்று பெரியவர்களை நேரடியாகக் கேட்டு, தோராயமாகச் சொன்னதை உறுதியான ஆண்டாக எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. "மணிமுத்தாறு அணை கட்டுறதுக்கு முன்னாடியா? 92 வெள்ளத்துக்கு அப்புறமா?" என்று கேளுங்கள். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை ஆற்றங்கரைக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். அதை வைத்து மற்றதைக் கணக்குப் பண்ணிவிடலாம்.

கல்வெட்டிலும் பழைய பத்திரத்திலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கு புழக்கத்தில் இருந்தது. அது கி.பி. 825-இல் தொடங்குகிறது. 'கொல்லம் 1050' என்றிருப்பதைப் பார்த்து, கி.பி. 1050 என்று நினைத்துச் சோழர் காலம் என்று எழுதிவிடக் கூடாது, அது 1874-75. எண் தெளிவாகத் தெரியவில்லை என்றால் சுண்ணாம்பு பூசுவதோ, சாக்பீஸால் எழுத்தின் மேலே வரைவதோ வேண்டவே வேண்டாம். நாம் தப்பாக வாசித்து வரைந்த எழுத்தையே அடுத்து வருகிறவரும் வாசிப்பார். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். எழுத்து தானாக எழுந்து வரும்.

பழங்காலத் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் போன்ற பரம்புகளில் (மேட்டு நிலங்களில்) கிடக்கும் பானை ஓட்டுத் துண்டைக் கண்காட்சிக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வருவது பெரிய தவறு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியதிலிருந்து இன்றுவரை, ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பேச முடிகிறது. வீட்டு அலமாரிக்கு வந்த ஓட்டுத் துண்டை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. எதையாவது பார்த்தால் படம் எடுத்து, வாத்தியாரிடமோ வி.ஏ.ஓ.விடமோ சொல்லுங்கள்.

சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் ஊருக்கு ஒரு மாதிரி பாடுவார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது பிள்ளைகளின் வேலை இல்லை. இரண்டையும் எழுதி, எந்த ஊரில் கேட்டது என்று குறித்துவைத்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. சொந்தத் தெருவில் மட்டும் நாலு பேரிடம் கேட்டுவிட்டு, அதற்கு 'ஊர் வரலாறு' என்று பெயர் வைப்பது. குளம் வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரின் மறுகோடியில் இருப்பார்கள். அங்கேயும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆசிரியர்களே, வேறுவேறு தெருப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடுங்கள். ஒருவர் தெருவுக்கு மற்றவர் போகட்டும்.

பகிரும்போதும் கவனம் தேவை. பேச்சைப் பதிவு செய்வதற்கு முன்பே அனுமதி கேளுங்கள். போன் நம்பர், வீட்டு அடையாளம், சிறு கோயில்களில் சிலையும் நகையும் இருக்கும் இடம் எதையும் வெளியிடக் கூடாது. சொன்னவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, "இதை எடுத்துரும்மா" என்று அவர் சொல்கிற வரியை எடுத்துவிட்டு, அப்புறம் சுவரில் ஒட்டுங்கள்.