ஆத்தங்குடிக் கல் எப்போது செட் ஆகும்?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு நான் வந்த முதல் வருஷம். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் பூவுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை என்று சிமென்ட் சாயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். அச்சைத் தூக்கினார். மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவினார். கடைசியாகக் கலவையைப் போட்டு மட்டம் தட்டினார். என்னோடு வந்த வெளிநாட்டு அம்மா கேட்டார்: "ஹவ் லாங் டஸ் இட் டேக் டு செட்?"

எனக்குக் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும். ஒரு செட்டுக்கு எத்தனை கல் என்று கேட்கிறார் போல என நினைத்து, "ட்வென்ட்டி ஃபைவ் பீசஸ் மேடம்" என்றேன். குறிப்பேட்டில் எழுதப் போனவர் பேனாவை மூடிவிட்டார்.

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டியதும்தான் தெரிந்தது, நான் தடுக்கி விழுந்தது சின்னக் கல் இல்லை என்று. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு ஓடுகிறது. பின்னாளில் ரன் என்ற சொல் இதை முந்திவிட்டதாம். முந்தட்டும், நம்மூர் ஆட்களை அதிகம் கவிழ்ப்பது செட்தான். ஏனென்றால் அது ஏற்கெனவே தமிழுக்குள் வந்து திண்ணை போட்டு உட்கார்ந்துவிட்டது. தெரிந்த சொல் என்று நம்பிப் பேசுகிறோம், மாட்டிக்கொள்கிறோம்.

உண்மையில் இது ஒரே சட்டை போட்ட இரண்டு பேர். டீ செட், நகை செட் என்று நாம் சொல்கிற செட், லத்தீனில் செக்டா என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்தொடரும் கூட்டம் என்பது அதன் பழைய பொருள். வினைச்சொல்லான செட் வேறு வழி. அது பழைய ஆங்கிலத்தில் சிட் என்பதன் பிறவினை. தமிழ் வாத்தியார் பாஷையில் சொன்னால், அமர் என்பது சிட். அமர்த்து என்பது செட். நமக்கு இதைவிட எளிதான சாவி கிடைக்காது. மோதிரத்தில் கல்லை அமர்த்துவதும் செட், விலகிய எலும்பை அதன் இடத்தில் அமர்த்துவதும் செட், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் செட், விலை வைப்பதும் செட். சூரியன் மேற்கே போய் அமர்ந்தாலும் செட். தயிர் உறைந்தாலும் அதுவேதான்.

இந்தச் சாவி கையில் இல்லாததால் நடக்கும் முதல் கூத்து, சிட் இருக்க வேண்டிய இடத்தில் செட் வருவது. முகப்பில் விருந்தாளியை வரவேற்ற ஒரு பையன் பெஞ்சைக் காட்டி, "ப்ளீஸ் செட் ஹியர்" என்றான். அவர் தோளில் கிடந்த பையை இறக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். அவர் மேல் என்ன தப்பு? அமர்த்தச் சொன்னான், அமர்த்தினார்.

அடுத்தது, நான் அதிகம் கேட்பது: செட் ஆகல. வேலை செட் ஆகல, சாப்பாடு செட் ஆகல, அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் செட் ஆகல. அருமையான தமிழ் இது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை அப்படியே தூக்கி, "திஸ் ஜாப் இஸ் நாட் செட்டிங் ஃபார் மீ" என்று இன்டர்வியூவில் வைத்தால், வேலை என்ன சிமென்ட்டா என்று எதிரில் இருப்பவர் குழம்புவார். வேலை, சட்டை, ஊரின் தட்பவெப்பம் பொருந்தவில்லை என்றால் சூட். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அக்ரீ. இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கெட் அலாங். புடவைக்கும் ரவிக்கைக்கும் என்றால் மேட்ச். நாம் ஒரே சொல்லில் முடிக்கும் காரியத்துக்கு அவர்களுக்கு நாலு சொல் வேண்டியிருக்கிறது. கஞ்சத்தனம் யாரிடம் என்று நீங்களே பாருங்கள்.

செட்டப் என்ற சொல்லில் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஆங்கிலத்தில் அது கருவிகளை வைத்திருக்கும் ஏற்பாடு. ஒருவரைத் திட்டமிட்டு மாட்டிவிடுவதும் அதுவே. தமிழ்ப் பேச்சில் அது எந்த உறவுக்கு ஆகிவந்தது என்பது உங்களுக்கே தெரியும். சுற்றுலாக்காரர் நம் சமையல்கட்டைப் பார்த்து "நைஸ் செட்டப்" என்றால் சிரிக்காமல் நில்லுங்கள். அதேபோல, "உள்ளே ஏதோ செட்டிங் இருக்கு" என்று நாம் கள்ளக்கூட்டைச் சொல்வது ஆங்கிலத்தில் செல்லாது. அங்கே செட்டிங் என்றால் போனில் திருகுவது, அல்லது கதை நடக்கும் களம்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. செட்டட் என்று ஒரு சொல்லே கிடையாது. நேற்றும் செட், இன்றும் செட். "ஐ செட்டட் தி அலாரம்" என்று சொல்லிப் பழகியவர்கள் இன்றோடு விட்டுவிடலாம். புறப்படுவதற்கு செட் ஆஃப், செட் அவுட் இரண்டும் சரி. பட்டாசு கொளுத்துவதற்கு செட் ஆஃப் மட்டும்தான். இன்னொன்று, வயக்காட்டில் குளிக்கப் போகும் இடத்தை பம்பு ஷெட் என்று சிலர் திருத்தி எழுதுகிறார்கள். மோட்டாரும் பம்பும் சேர்ந்தது பம்பு செட். அதற்குமேல் போட்ட கூரைதான் ஷெட்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நம்மூர்க் கொத்தனார் "செட் ஆயிருச்சு" என்பது ஆங்கிலத்திலும் அப்படியே சரி. இந்த ஒரு இடத்தில்தான் இரண்டு பாஷையும் கை குலுக்குகின்றன. ஆனால் செட் ஆவது வேறு, காய்வது வேறு. சிமென்ட் வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் முதல் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும். அப்புறமும் பலம் ஏறுவதற்காகத்தான் ஆத்தங்குடிக் கல்லை நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். அதற்குப் பெயர் க்யூரிங். "செட்டிங் ஃபார் டென் டேஸ் இன் வாட்டர்" என்று சொல்லிவிட்டால், கேட்பவர் கல் பத்து நாளாக இன்னும் இளகிக் கிடக்கிறது என்றே நினைப்பார். செட் ஆக சில மணி நேரம், க்யூர் ஆக பல நாள் என்று பிரித்துச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு பண விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கும்போது, விலை செட்டுக்கா உருப்படிக்கா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார் தி செட் என்றால் மொத்தத்துக்கு, ஈச் என்றால் ஒன்றுக்கு. நான் கூட்டிப் போன ஒருவர் ஒரு இனாமல் தூக்கை எடுத்து, "இஸ் திஸ் எ கம்ப்ளீட் செட்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். கடைக்காரர் அடுக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுக்குன்னா அஞ்சு இருக்கணும் தம்பி, இதுல நாலுதான் இருக்கு. செட்டுன்னா எத்தனைன்னு நீங்களே அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."