பழைய நரம்பை திருப்பி சுத்துங்க

மீன்பிடி சீசனுக்கு முன்னாடி தூண்டில் ரீல்ல இருக்க தங்கூசி (நைலான்) நரம்பை தூக்கி போட்டு புதுசு வாங்காதீங்க, அப்படியே தலைகீழா திருப்பி சுத்துங்க, உள்ள கெடந்த நரம்பு வெளிய வந்துரும். நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி டேம், ஒகேனக்கல் பாறைல உரசுறது, வெயில் படுறது எல்லாம் வீசுற அந்த முன்பக்க நரம்பு மட்டும்தான், ஸ்பூலோட (ரீல்ல நரம்பு சுத்துற உருளை) அடில இருக்கறது பெரும்பாலும் தண்ணியே பாத்திருக்காது.

ஒரே ஒரு பாட்டில்ல சுத்தி திரும்ப ரீலுக்கு ஏத்துனா பழைய நுனியே மறுபடி மேல வரும், அங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. ஒரு பாட்டில்ல சுத்தி, அதுலருந்து இன்னொரு பாட்டிலுக்கு மாத்தி, அப்புறம்தான் ரீலுக்கு ஏத்தணும், இல்லனா அறுப்பு முடிஞ்ச வயல்ல நுனிய ஒரு மரத்துல கட்டிட்டு ரீல் காலியாகுற வரைக்கும் நடந்து போங்க, அடி நுனிய அவுத்து விட்டுட்டு திரும்பி வந்து மரத்துல கட்டுன நுனிய ஸ்பூல்ல கட்டி சுத்துங்க.

அடில கெடந்த நரம்ப ஈரமாக்கி ஒரு முடிச்சு போட்டு இழுத்து பாருங்க, படக்குனு அறுந்தா மொத்தமும் போச்சுனு அர்த்தம், திருப்பி பிரயோஜனம் இல்ல. ஊட்டிப் பக்கம் ட்ரவுட் மீனுக்கு போடுற மெல்லிசு நரம்புக்கும் இது வேணாம், புதுசே போட்டுக்கங்க. வெட்டுன துண்ட கரைல போடாதீங்க, கொக்கு கால்ல சிக்குது.