ஒன்ராறியோவில் தாதியாக வேண்டுமா? எந்தப் படிப்பு யாருக்குப் பொருந்தும்

“முதலில் பிஎஸ்டபிள்யூ எடு, பிறகு மெல்ல மெல்ல நேர்ஸ் ஆகலாம்.” ஸ்காபரோவில் புதிதாக வந்திறங்கும் எவருக்கும் யாரோ ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார். பாதிதான் சரி. பிஎஸ்டபிள்யூ எனப்படும் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் கல்லூரியில் இரண்டு செமஸ்டர், ஏறக்குறைய எட்டு மாதம். முடித்ததும் வேலைக்குப் போகலாம். ஆனால் அங்கே படித்த பாடங்களைத் தாதியப் படிப்பில் பெரும்பாலும் கழித்துத் தரமாட்டார்கள். சில கல்லூரிகள் மட்டும் பிஎஸ்டபிள்யூ முடித்தவர்களுக்குச் சற்றுச் சுருக்கிய வழி வைத்திருக்கின்றன. வீட்டு வாடகைக்கு உடனே சம்பளம் வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள். இரண்டு வருடம் சமாளிக்க முடியும் என்றால் நேரே தாதியப் படிப்புக்குப் போவதே மேல்.

தாதியாக இங்கே இரண்டு பதிவுகள் உண்டு: ஆர்பிஎன் (ரெஜிஸ்டர்ட் ப்ரக்டிகல் நேர்ஸ்), ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்). ஆர்பிஎன்னுக்குக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா; முடிவில் ரெக்ஸ்-பிஎன் பரீட்சை. ஆர்என்னுக்கு நான்கு வருடப் பட்டம். முடிவில் என்கிளெக்ஸ் பரீட்சை. 2005 முதல் ஒன்ராறியோவில் படிப்பவர்கள் பட்டம் இல்லாமல் புதிதாக ஆர்என் ஆக முடியாது. இரண்டு பதிவையும் தருவது கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ. அது ஒழுங்காற்று அமைப்பு, அங்கே யாரும் படிப்பிப்பதில்லை. ஆர்பிஎன் மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார், நோயாளியின் நிலையை மதிப்பிடுவார். நிலை சட்டென்று மாறக்கூடிய நோயாளிகள் பெரும்பாலும் ஆர்என்னின் பொறுப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவு வேலைகள் அநேகமாக அவர்களுக்கே. சம்பள வித்தியாசமும் சின்னதல்ல. நாளைக்கு அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் அங்கேயும் ஆர்என் பரீட்சை என்கிளெக்ஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

உயர்பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இப்போதே பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் பல்கலைக்கழகத்துக்கான பாடம், சி என்றால் கல்லூரிக்கானது. பட்டப்படிப்புக்குப் பொதுவாக 12ஆம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், இரசாயனவியல் மூன்றும் யு தரத்தில் வேண்டும், கணிதமும் கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று புதிதாக வந்த பிள்ளையைச் சி தரப் பாடங்களில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையும் தொண்ணூறு எடுக்கும், பெற்றோரும் மகிழ்வார்கள்; விண்ணப்பிக்கும்போதுதான் பல்கலைக்கழகக் கதவு சாத்தியிருப்பது தெரியும். 11ஆம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்யும்போதே வழிகாட்டல் ஆசிரியரிடம் போய் “நேர்சிங் டிகிரிக்குப் போகிற பாடம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் விடுபட்ட பாடங்களைக் கல்விச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் பள்ளிகளில் எடுக்கலாம். கல்லூரிகளில் சுகாதாரப் படிப்புகளுக்குத் தயார்செய்யும் ஒரு வருட ப்ரீ-ஹெல்த் பாடநெறியும் உண்டு. ஆனால் அதை முடித்தாலும் தாதிய இடம் உறுதி இல்லை. போட்டியில் நின்றுதான் பிடிக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்குப் பெப்ரவரி 1 முக்கியமான நாள். அதற்குள் வருபவற்றைச் சமமாகப் பார்ப்பார்கள். பிறகு மிஞ்சிய இடம்தான்.

ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வைத்திருப்பவர்கள் நான்கு வருடம் படிக்கத் தேவையில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் யோர்க்கிலும் இரண்டு வருடத் தாதியப் பட்டம் இருக்கிறது. ரொறன்ரோவில் மனித உடற்றொழிலியலும் புள்ளிவிபரவியலும் முன்பே படித்திருக்க வேண்டும். வணிகப் பட்டதாரிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆர்பிஎன் ஆகி வேலை செய்துகொண்டே ஆர்என்னுக்குப் போகவும் வழி உண்டு. நிப்பிசிங் பல்கலைக்கழகம் வேலை செய்யும் ஆர்பிஎன்களுக்குப் பகுதிநேரப் பட்டம் நடத்துகிறது. ஒன்ராறியோ டெக் பல்கலைக்கழகத்திலும் இணைப்புப் படிப்பு உண்டு. டிப்ளோமாவில் எடுத்த புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். ஆகவே “பாஸ் பண்ணினால் போதும்” என்று இரண்டு வருடத்தை ஓட்டாதீர்கள்.

ஊரில் தாதியாகப் பதிவு பெற்றவர்கள் முதலில் செய்யக்கூடாதது, மறுபடி முதல் வருடத்தில் போய் உட்காருவது. நேரே கொலிஜ் ஒஃப் நேர்சஸுக்கு விண்ணப்பியுங்கள். 2025 ஏப்ரலில் விதி மாறியது. படித்த நாட்டில் அந்தப் படிப்பு தாதியாகப் பதிவு பெறத் தகுதி தருகிறதா என்பதே இப்போதைய கேள்வி. மூன்று வருட ஜிஎன்எம் (இந்தியத் தாதிய டிப்ளோமா) என்பதால் ஆர்பிஎன்தான் கிடைக்கும் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பழைய விதியில் வந்தவர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். கடந்த மூன்று வருடத்துக்குள் தாதியாக வேலை செய்த சான்று இல்லாவிட்டால், இங்கே ஒரு மருத்துவமனையில் குறைந்தது 140 மணிநேரம் மேற்பார்வையில் வேலை செய்து அதை ஈடுசெய்யும் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த தாதியருக்கு உதவவென்றே இயங்கும் கேர் சென்டர் ரொறன்ரோவில் உண்டு. தாதிய நிர்வாகம், தாதியத் தலைமைத்துவம் என்ற பெயரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு விற்கப்படும் பட்டப்பின் சான்றிதழ்கள் தம்மளவில் பதிவுக்கு வழி செய்வதில்லை. பணம் கட்டுமுன் “இதை முடித்தால் எந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்” என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெயர்ப் பிரச்சினை நம்மவர்களுக்கே உரியது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். தாதியர் சபைப் பதிவில் வெறும் முதலெழுத்தாக நிற்கும். இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, விண்ணப்பத்துடன் சேர்த்தே அனுப்புங்கள். கேட்ட பிறகு அனுப்பினால் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும்.

பண உதவியில் ஒசாப் எனப்படும் மாகாண மாணவர் உதவித் திட்டம் நிரந்தர வதிவாளர், குடியுரிமையாளர், பாதுகாக்கப்பட்டவர் (அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்) ஆகியோருக்கு மட்டும். லேர்ன் அன்ட் ஸ்டே மானியம் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் ஏற்கும். ஆனால் வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் படித்து, படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆறு மாதம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்ய வேண்டும். ஸ்காபரோவை விட்டு நகராதவர்களுக்கு அது உதவாது.

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகத் தடுப்பூசிப் பத்திரம் முழுமையாக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிக்கு வழக்கமாக ஆறு மாதம் பிடிக்கும். காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு கட்டம். ஊசி போட்டு 48 முதல் 72 மணிநேரத்துக்குள் கையைக் காட்ட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. நம்மில் பலருக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் கை தடித்துப் ‘பொசிட்டிவ்’ என்று வரக்கூடும். பயப்பட வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதற்கும் பொலிஸ் சான்றுக்கும் வாரக்கணக்கில் ஆகலாம். ஓகஸ்டில் தொடங்கினால் செப்டெம்பருக்குள் முடியாது.