உமியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கையில் ஊட்டி வளர்க்கும் கிளிக்குஞ்சின் எடை

போன வாரம் ஒரு தம்பி, செருப்பு டப்பாவில் காக்டெய்ல் கிளிக்குஞ்சு (cockatiel) ஒன்றை வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பதினைந்து நாளுக்கு முன்பு என்னிடம் வாங்கிப் போன லுட்டினோ (மஞ்சள் கலந்த வெள்ளை நிற) குஞ்சுதான். "அண்ணே, தானாவே தின்ன ஆரம்பிச்சிருச்சு, கிண்ணம் பூரா உமியாத்தான் கிடக்கு. ஆனா நாள் பூரா கத்திக்கிட்டே இருக்குண்ணே, கொஞ்சச் சொல்லிக் கேக்குதோ?" என்றார். தராசில் வைத்தேன். 74 கிராம். கொடுத்த அன்று, அதன் முப்பதாவது நாளில், 92 கிராம் என்று நானே எடை போட்டு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது, வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இறகு முளைத்த குஞ்சின் மெலிவு கண்ணுக்குத் தெரியாது.

அந்தத் தம்பியை நான் திட்டவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இதே தவற்றை நான் செய்து ஒரு குஞ்சை இழந்திருக்கிறேன். கை கழுவ வேண்டும், சிரிஞ்சைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, பலரும் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கொத்துவதைத் தின்பது என்று நினைப்பது

காக்டெய்ல் குஞ்சு நாலைந்து வாரத்திலேயே தீனிக் கிண்ணத்தில் மூக்கை விட ஆரம்பித்துவிடும். தினையை உரிக்கும், துப்பும், இன்னொன்றை எடுக்கும். உமி சேரும். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், இனி சிரிஞ்சைப் பிடிக்க வேண்டாம் என்ற நிம்மதியும் கூடவே வரும். ஆனால் உரிக்கத் தெரிவது வேறு, வயிறு நிறையத் தின்னத் தெரிவது வேறு, இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கின்றன. உரித்த பருப்பில் பாதி கீழே விழுந்துவிடும், உள்ளே போவது கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவில், இந்தப் பறவையின் சொந்தக் காட்டில், குஞ்சு கூட்டை விட்டுப் பறந்த பிறகும் சில வாரங்கள் தாயும் தகப்பனும் கூடவே இருந்து ஊட்டுகின்றன. நாம் மட்டும் முதல் உமியைப் பார்த்ததும் ஃபார்முலாவை (கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டும் குஞ்சுத் தீனி மாவை) நிறுத்திவிடுகிறோம்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற வார்த்தை ஒன்று உண்டு: "பசிச்சா தானா தின்னும்." விற்கிறவர்கள் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் குஞ்சைத் தள்ளிவிடுகிறார்கள். தின்னாது. பசித்த குஞ்சு கிண்ணத்துக்குப் போகாது, உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும், அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அப்புறம் தெம்பு குறையும், குறையக் குறைய உரித்துத் தின்னும் முயற்சியும் நின்றுவிடும். ஓயாத அந்தக் கத்தலைத்தான் அந்தத் தம்பி வீட்டில் கொஞ்சல் என்று நினைத்திருக்கிறார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாலாவது வாரத்துக்குப் பக்கத்தில் குஞ்சு அதன் உச்ச எடைக்கு வரும், பறக்கப் பழகும் நாட்களில் அந்த எடையிலிருந்து தானாகவே கொஞ்சம் இறங்கும். பத்தில் ஒரு பங்கு வரை இறங்குவது இயல்பு, 92 கிராம் குஞ்சு 84, 83-க்கு வரலாம். "இந்த வயசுல மெலியத்தான் செய்யும்" என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான். ஆனால் அதைக் காதில் வாங்கியவர் எது வரை மெலியலாம் என்று கேட்டுக்கொள்வதில்லை. உச்ச எடை என்ன என்று எழுதி வைக்காதவருக்கு அந்தக் கணக்கு வரவும் வராது. பத்து சதவீதத்தைத் தாண்டி இறங்கினால், அல்லது மூன்று நாள் விடாமல் இறங்கிக்கொண்டே போனால், நிறுத்திய வேளையின் ஃபார்முலாவைத் திரும்பக் கொடுங்கள், அதனால் குஞ்சு பின்னோக்கிப் போய்விடாது.

சரி, எப்படி எடை போடுவது? நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் மாறினால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து கிலோ நிறுக்கிற சமையலறைத் தராசுகளில் சில இரண்டு மூன்று கிராம் மாற்றத்தைக் கண்டுகொள்வதே இல்லை, வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். தினமும் காலையில், முதல் வேளை ஊட்டுவதற்கு முன்பு, தீனிப்பை (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) காலியாக இருக்கும்போது மட்டும் எடை போடுங்கள். ஊட்டிய பிறகு போட்டால் எட்டு கிராம் ஃபார்முலாவும் சேர்ந்துகொண்டு உங்களை ஏமாற்றும். எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் யாரும் வைத்துக்கொண்டதில்லை.

தராசு இல்லாத இடத்தில் விரலால் மார்பைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பின் இரண்டு பக்கமும் சதை உருண்டு இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனை போலக் கையில் தட்டினால் குஞ்சு பட்டினி கிடக்கிறது. எச்சத்தையும் பாருங்கள்: கொஞ்சமாக, கரும்பச்சையாக விழுந்தால் உள்ளே எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபார்முலாவை நிறுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மதிய வேளை. அதை விட்ட பிறகு மூன்று நாலு நாள் எடை அப்படியே நின்றால் அடுத்து காலை வேளை. ராத்திரி வேளையைக் கடைசி வரை கொடுங்கள், வெறும் தீனிப்பையோடு விடியும் வரை குஞ்சைத் தூங்க வைக்காதீர்கள். இடையில் கிண்ணத்தில் காய்ந்த தினையை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், தினைக் கதிர், ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த மக்காச்சோளம், பொடியாக நறுக்கிய கீரை என்று மென்மையானதை வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். எட்டு வாரத்தில் சில குஞ்சுகள் முழுசாக மாறிவிடும், சில பத்து வாரம் எடுக்கும், அதற்கு மேலும் ராத்திரி ஒரு வேளை கேட்கிற குஞ்சுகளை நான் பார்த்திருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன்.

மெலிந்த குஞ்சை ஒரே நாளில் தேற்றப் பார்ப்பது

என் குஞ்சு செத்தது பட்டினியால் மட்டும் இல்லை. மெலிந்துவிட்டது என்று தெரிந்த அன்று பயத்தில் தீனிப்பை புடைக்கப் புடைக்க ஊட்டினேன், மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் ஊட்டினேன். மார்கழி மாதம், குஞ்சின் கால் சில்லென்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானம் நின்றுவிடும். ஊட்டியது தீனிப்பையிலேயே தங்கிப் புளித்தது, வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை. மறுநாள் ராத்திரி கையில் வைத்திருக்கும்போதே போய்விட்டது.

ஆகவே முதலில் சூடு. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து, ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும் டப்பாவில் வைத்து, கால் விரல் கதகதப்பாகும் வரை காத்திருங்கள். அப்புறம் வழக்கத்தைவிட நீர்க்கக் கரைத்த ஃபார்முலா, வழக்கமான அளவில் பாதி. அது இறங்கியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது. தீனிப்பை இறங்காமல் நின்றால், வாடை அடித்தால், வாந்தி எடுத்தால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். கையோடு எடை எழுதிய நோட்டை எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

நல்ல குஞ்சுக்கும் ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பதே கணக்கு: 80 கிராமுக்கு 8 மில்லி. நாளில் ஒரு முறையாவது, பெரும்பாலும் விடியற்காலையில், தீனிப்பை முழுக்கக் காலியாக வேண்டும்.

சூடு பார்க்காமல் ஊட்டுவது

மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்ப்பது குழந்தைப் பாலுக்குச் சரி. இதற்குத் தெர்மாமீட்டர் வேண்டும். 39-லிருந்து 41 டிகிரி. அதற்குக் கீழே ஆறிவிட்டால் குஞ்சு வாங்காது, வாங்கினாலும் இறங்க நேரமாகும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும், அது அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துக் கழுத்துக்குக் கீழே புண் கட்டி, ஓட்டை விழுந்து, ஊட்டியது வெளியே வழியும்போதுதான் தெரியும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், ஓரிடம் ஆறியிருக்க இன்னோரிடம் கொதிக்கும்.

செர்லாக்

வேண்டாம். அதில் பால் கலந்திருக்கிறது, பாலில் உள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது.

பயந்து தண்ணீராகக் கரைப்பது

நல்ல குஞ்சுக்குத் தினமும் இப்படிக் கொடுத்தால் தீனிப்பை நிறையும், எடை ஏறாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரையுங்கள்.

மூச்சுக்குழாயில் விடுவது

குஞ்சு தலையை ஆட்டிக் கேட்கும்போது மட்டும் ஊட்டுங்கள், அதன் இடது வாயோரத்திலிருந்து வலது பக்கம் நோக்கி. உணவுக்குழாய் கழுத்தின் வலது பக்கம் போகிறது. திமிறும் குஞ்சின் வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

வழுவழுப்பான செய்தித்தாள் விரிப்பு

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். துணி விரியுங்கள்.

பச்சைக்கிளிக் குஞ்சு

மரப்பொந்திலிருந்து எடுத்து விற்கும் நம் ஊர்ப் பச்சைக்கிளியை வாங்காதீர்கள், வளர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கீழே விழுந்து கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அந்த லுட்டினோவுக்கு நாளுக்கு மூன்று வேளை ஃபார்முலாவைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினேன். தம்பி தினமும் காலையில் எடையை மட்டும் எனக்கு அனுப்புகிறார். 74, 75, 75, 77. இன்றைக்கு 79. "கத்தறதை நிறுத்திருச்சுண்ணே" என்றார்.